கடன் வாங்கிய அச்சம்

சட்டங்கள் நடந்த வழி: 11

1947 அக்டோபரில் பெனகல் நரசிங்க ராவ் தாம் எழுதிய இந்திய அரசமைப்பின் முதல் வரைவை வரைவுக்குழுவிடம் ஒப்படைத்ததோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். சுமார் 240 பிரிவுகள், 13 அட்டவணைகள். வேறொருவராக இருந்தால் அத்தோடு கடமை முடிந்தது என்று ஓய்ந்திருப்பார். ராவ் பயணத்துக்குப் பெட்டி கட்டினார். அமெரிக்கா, கனடா, அயர்லாந்து, இங்கிலாந்து. தாம் எழுதிவைத்திருப்பதைப் போன்ற சட்டங்களோடு பல காலம் வாழ்ந்து பார்த்தவர்களை நேரில் சந்தித்து, எது நன்மை செய்தது, எது தொல்லை கொடுத்தது என்று கேட்டு வருவதே நோக்கம்.

ராவ் மங்களூர்ப் பக்கத்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜுக்குப் போய், ஐ.சி.எஸ். ஆனவர். 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் வந்தபோது அதற்கு ஒத்துவரும்படி நாட்டின் சட்டத் தொகுப்பைத் திருத்தியமைத்தவர். கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். சிறிது காலம் காஷ்மீரின் பிரதமர். 1946 ஜூலையில் அரசியல் நிர்ணய சபையின் அரசமைப்பு ஆலோசகராகப் பொறுப்பேற்றார். ஊதியம் பெறவில்லை. சபையில் அவருக்கு உறுப்பினர் இடமும் இல்லை, வாக்கும் இல்லை. எந்த நாடு எந்தச் சிக்கலை எந்த வாசகத்தால் தீர்த்தது என்ற அறிவு மட்டுமே அவருடைய பலம். உறுப்பினர்கள் படிப்பதற்காக உலகின் அரசமைப்புகளிலிருந்து முன்னுதாரணங்களைத் திரட்டி மூன்று தொகுதிகளாகச் சுற்றுக்கு விட்டிருந்தார். அதே காலத்தில் பர்மாவின் அரசமைப்பை எழுதியவர்களுக்கும் துணை செய்தார்.

அந்த மனிதர் அமெரிக்காவில் ஒரு நீதிபதியிடம் நடத்திய உரையாடல், இந்தியச் சிறைகளில் விசாரணையின்றி அடைபட்ட பல்லாயிரம் பேரின் கதியை முப்பது ஆண்டுகளுக்குத் தீர்மானித்தது என்பது என் கருத்து. இந்த வாரம் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

உயிர், சுதந்திரம் பற்றிய பிரிவுதான் விஷயம். 1947 ஏப்ரல் 30 அன்று அரசியல் நிர்ணய சபை ஏற்றுக்கொண்ட வடிவத்தில், 'உரிய சட்ட நடைமுறை' இல்லாமல் எவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்று இருந்தது. நம் வழக்கறிஞர்கள் இன்றும் 'டியூ பிராசஸ்' என்றே சொல்லும் இந்தத் தொடர் இங்கிலாந்தில் மூன்றாம் எட்வர்டு காலத்தில், 1354இல் ஒரு சட்டத்தில் தலைகாட்டியது. 1791இல் அமெரிக்க அரசமைப்பின் ஐந்தாம் திருத்தத்தில் ஏறியது. உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு, 1868இல், பதினான்காம் திருத்தத்தின் வழியாக மாநில அரசுகளையும் கட்டுப்படுத்தத் தொடங்கியது. ஒருவனைப் பிடித்தால் காரணம் சொல், அவன் பேச்சைக் கேள், நடுநிலையான ஒருவர் முன் நிறுத்து: ஐந்நூறு ஆண்டுகளாக அந்தத் தொடருக்கு அதுதான் உயிர்நாடியான பொருள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க நீதிபதிகள் அதற்குள் இன்னொரு பொருளையும் ஏற்றினார்கள். நடைமுறை சரியாக இருந்தால் போதாது, சட்டத்தின் உள்ளடக்கமே நியாயமாக இருக்க வேண்டும். நியாயமா இல்லையா என்பதை நாங்கள் சொல்வோம் என்றார்கள். கேட்பதற்கு நல்லதாகத்தான் இருக்கிறது. ஆனால் அது யாருக்குப் பயன்பட்டது என்பதைப் பார்க்க நியூயார்க் மாநிலத்தின் ரொட்டிக் கிடங்குகளுக்குள் இறங்க வேண்டும். அந்தக் காலத்தில் ரொட்டி பெரும்பாலும் குடியிருப்புகளின் நிலவறைகளில்தான் சுடப்பட்டது. காற்றோட்டம் கிடையாது. அடுப்பின் அனல், மூச்சோடு உள்ளே போகும் மாவுத்தூள், சாக்கடையின் ஈரம். தொழிலாளர்கள் இரவு முழுக்க வேலை செய்து அங்கேயே படுத்துக்கொள்வதும் உண்டு. 1895இல் நியூயார்க் சட்டமன்றம் ஒரு வரம்பு விதித்தது: நாளொன்றுக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 60 மணி நேரம், அதற்கு மேல் வேலை வாங்கக் கூடாது. யூட்டிகா நகரில் ஜோசப் லாக்னர் என்ற ரொட்டிக் கடை முதலாளி அதை மீறினார். இரண்டாம் முறை பிடிபட்டபோது 50 டாலர் அபராதம். வழக்கு வாஷிங்டன் வரை போனது. 1905இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் சட்டத்தையே ரத்து செய்தது. எத்தனை மணி நேரம் வேலை செய்வது என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்ள முதலாளிக்கும் தொழிலாளிக்கும் உள்ள சுதந்திரத்தை இது உரிய நடைமுறை இன்றிப் பறிக்கிறதாம். மனிதனைக் காக்கப் பிறந்த தொடர், நாளுக்குப் பத்து மணி நேர வேலை என்ற எளிய வரம்பை அடித்து நொறுக்கியது.

இதன் பிறகு சுமார் 32 ஆண்டுகள் அமெரிக்காவில் தொழிலாளர் நலச் சட்டம் எழுதியவர்கள் எல்லாம் இந்தத் தொடரைக் கண்டு அஞ்சினார்கள். அவர்களில் ஒருவர் பீலிக்ஸ் பிராங்க்பர்ட்டர். 1882இல் வியன்னாவில் பிறந்து, சிறுவனாக நியூயார்க்கில் வந்திறங்கி, ஹார்வர்டில் சட்டப் பேராசிரியரானவர். ஓரிகன் மாநிலத்தின் வேலைநேரச் சட்டத்துக்காக அவர் உச்ச நீதிமன்றத்தில் நின்று 1917இல் வென்றார். வாஷிங்டன் நகரப் பெண் தொழிலாளர்களின் குறைந்தபட்சக் கூலிக்காக மறுபடி நின்று 1923இல் தோற்றார். அங்கும் அதே தொடர்தான் குறுக்கே வந்தது. மாதம் 35 டாலர் சம்பளத்தில் ஓட்டலில் லிஃப்ட் இயக்கிய ஒரு பெண்ணின் 'ஒப்பந்தச் சுதந்திரம்' பறிபோகிறது என்று காரணம் சொன்னார்கள். 1937இல்தான் நீதிமன்றம் இந்தப் பாதையை விட்டு விலகியது. 1939இல் பிராங்க்பர்ட்டரே அந்த நீதிமன்றத்தின் நீதிபதியானார்.

1947இன் இறுதியில் ராவ் போய் அமர்ந்தது இந்த மனிதரின் எதிரில். உரையாடலின் சாரம், ராவ் நாடு திரும்பி சபைத் தலைவருக்கு அளித்த அறிக்கையில் இருக்கிறது. மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் இயற்றிய சட்டத்தைத் தள்ளிவிடும் அதிகாரத்தை ஒருசில நீதிபதிகளின் கையில் இந்தத் தொடர் கொடுத்துவிடுகிறது. அது ஜனநாயகத்துக்கு ஒவ்வாதது, நீதித்துறைக்கும் அநியாயமான சுமை என்றார் பிராங்க்பர்ட்டர். லேர்னட் ஹாண்ட் என்ற மற்றொரு பெரிய நீதிபதி இன்னும் ஒரு படி மேலே போய், அடிப்படை உரிமைகள் யாவுமே சட்டத்தளைகளாக இல்லாமல் அறநெறிகளாக இருந்தால் நல்லது என்று கருதினார்.

ராவ் அமெரிக்கப் பேச்சைக் கேட்டு ஏமாந்துவிட்டார் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பயணம் கிளம்பும் முன்பே அவருக்கு இந்தக் கவலை இருந்தது. ஜமீன்தாரி முறையை ஒழிக்க வேண்டும், குத்தகைச் சட்டங்களைத் திருத்த வேண்டும் என்று காத்திருந்த நாடு இது. கோவிந்த் வல்லப பந்த் போன்றவர்கள் இதே காரணத்துக்காகச் சொத்து பற்றிய பிரிவிலிருந்து இந்தத் தொடரை ஏற்கெனவே விலக்கியிருந்தார்கள். நிலச் சீர்திருத்தத்தை லாக்னர் பாணியில் ஐந்து நீதிபதிகள் கவிழ்த்துவிடக் கூடாது என்ற கவலை நேர்மையான கவலை. ராவ் விட்டது வேறொன்று. பிராங்க்பர்ட்டரின் மனத்தில் உறுத்திக்கொண்டிருந்தது ரொட்டிக் கிடங்கும் கூலி வழக்கும். இந்தியாவின் வரைவில் அந்தத் தொடர் நின்ற இடமோ கைதும் சிறையும் தூக்குமேடையும் பற்றிய பிரிவு. நடைமுறை, உள்ளடக்கம் என்ற அதன் இரண்டு பாதிகளில் எது நோய், எது மருந்து என்று பிரித்துக் கேட்டிருந்தால், பிராங்க்பர்ட்டரே வேறு பதில் சொல்லியிருப்பார் என்று நம்ப எனக்குக் காரணம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ராவ் திரும்பிய பின் வரைவுக்குழு மனம் மாறியது. 1948 பிப்ரவரி 21 தேதியிட்ட வரைவில் பழைய தொடர் இல்லை. அதற்குப் பதிலாக, 'சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறைப்படி' அன்றி எவருடைய உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்று இருந்தது. இதுவே திட்டவட்டமானது என்று குழு அடிக்குறிப்பில் விளக்கியது. ஜப்பானின் 1946ஆம் ஆண்டு அரசமைப்பில் 31ஆம் பிரிவு இப்படித்தான் இருக்கிறது என்று முன்னுதாரணமும் காட்டியது.

டெல்லியில் இருந்தவர்கள் ஜப்பானின் வாசகத்தைத் தனியான ஒரு சாட்சியமாக எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்கா ஒரு வழியில் போய்ச் சங்கடப்பட்டது, ஜப்பான் வேறு வழியைத் தேர்ந்தது, நாமும் அதையே தேர்வோம் என்ற எண்ணம். அந்த வாசகம் பிறந்த அறைக்குள் போய்ப் பார்த்தால் காட்சி வேறு.

1946 பிப்ரவரி, டோக்கியோ. ஜப்பானிய அரசின் சார்பில் மட்சுமோட்டோ ஜோஜி தலைமையிலான குழு எழுதிய திருத்த வரைவு ஒன்று பிப்ரவரி 1 அன்று மைனிச்சி நாளிதழில் கசிந்தது. பழைய பேரரசின் சட்டத்தையே சற்று மெருகு போட்டு வைத்திருந்தார்கள். போரில் தோற்ற ஜப்பானை ஆக்கிரமித்திருந்த நேசநாட்டுப் படைகளின் தலைவர் ஜெனரல் மெக்கார்தர் பொறுமை இழந்தார். பிப்ரவரி 4 அன்று அவருடைய தலைமையகத்தின் அரசுப் பிரிவில் இருந்த அமெரிக்கர்களைக் கூட்டி, நீங்களே எழுதுங்கள் என்ற உத்தரவு வந்தது. ஒரு வாரத்துக்குச் சற்று அதிகமான அவகாசம். பரம ரகசியம்.

பீட் சிரோட்டா என்ற 22 வயதுப் பெண் அந்தப் பிரிவில் இருந்தார். அவரும் வியன்னாவில் பிறந்தவர். தந்தை பியானோ கலைஞராக டோக்கியோவுக்கு வந்ததால் அங்கேயே வளர்ந்து ஜப்பானிய மொழியைத் தாய்மொழி போலப் பேசியவர். உத்தரவு வந்ததும் அவர் ஒரு ஜீப்பை எடுத்துக்கொண்டு, குண்டுவீச்சில் தரைமட்டமான நகரத்தில் மிஞ்சியிருந்த நூலகங்களைத் தேடிப் போனார். ஒரே இடத்தில் எல்லா நாட்டு அரசமைப்புகளையும் கேட்டால் நூலகருக்குச் சந்தேகம் வரும். ஆகவே ஒவ்வொரு நூலகத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினார். வைமர் ஜெர்மனி, சோவியத் ஒன்றியம், ஸ்காண்டிநேவிய நாடுகள் என்று அரசமைப்புகளை அள்ளிக்கொண்டு திரும்பியபோது, உடன் வேலை செய்தவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு இரவல் கேட்டார்கள். கணவனுக்கும் மனைவிக்கும் சம உரிமை தரும் ஜப்பானின் 24ஆம் பிரிவு அந்தப் புத்தகங்களின் துணையோடு அவர் எழுதியதிலிருந்து வந்தது. ஒப்பீட்டு அரசமைப்பு ஆய்வு இவ்வளவு அவசரத்திலும் இவ்வளவு பலனோடும் நடந்த இன்னொரு வாரம் வரலாற்றில் இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. பிப்ரவரி 13 அன்று வரைவு ஜப்பானிய அமைச்சர்களின் கையில் கொடுக்கப்பட்டது. அவர்கள் அதிர்ந்து போனார்கள்.

இந்த வேலையை முன்னின்று நடத்தியவர் கர்னல் சார்லஸ் கேடிஸ். ராணுவ உடுப்புக்குள் இருந்த வழக்கறிஞர். அதற்கு முன் ரூஸ்வெல்ட் அரசின் 'நியூ டீல்' துறைகளில் பணியாற்றியவர். அந்த அரசின் வழக்கறிஞர்களுக்கு லாக்னர் வழக்கு என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஜப்பானிய அரசமைப்பை ஆராய்ந்தவர்கள் தரும் விளக்கம் இது: உரிய சட்ட நடைமுறை என்ற அமெரிக்கத் தொடரை டோக்கியோவில் வேண்டுமென்றே தவிர்த்தார்கள். நாளைக்கு ஜப்பானிய நீதிமன்றங்கள் அதைக் கையில் எடுத்துச் சமூகச் சட்டங்களை வெட்டிச் சாய்த்துவிடக் கூடாது என்பதே காரணம்.

ஆக, பிராங்க்பர்ட்டர் வாயால் சொன்னதும் ஜப்பானின் 31ஆம் பிரிவு எழுத்தால் சொன்னதும் ஒரே தலைமுறையின் ஒரே கசப்பு. இரண்டு சாட்சிகளை விசாரித்ததாக நினைத்தோம். இருவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அரசமைப்புகளை ஒப்பிடுகிறவர்கள் வாசகத்தை வாசகத்தோடு வைத்துப் பார்த்தால் போதாது. எந்த ஆண்டில், யார் கையால், எதற்குப் பயந்து எழுதினார்கள் என்பதையும் தோண்ட வேண்டும் என்று நான் இந்தக் கட்டுரைத் தொடரில் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

1948 டிசம்பர் 6 அன்று இந்தப் பிரிவு சபைக்கு வந்தது. காஜி சையத் கரீமுத்தீன் பழைய தொடரையே திரும்பக் கொண்டுவரத் திருத்தம் தந்தார். வரைவுக்குழுவில் இருந்த கே.எம். முன்ஷியே அதை ஆதரித்துப் பேசினார். மிகக் கூர்மையான கேள்வியைக் கேட்டவர் மதராஸிலிருந்து போன உறுப்பினர் மஹபூப் அலி பெய்க். ஜப்பானிலிருந்து எடுத்தோம் என்கிறீர்கள். அந்த 31ஆம் பிரிவைச் சூழ்ந்து நிற்கும் மற்றப் பிரிவுகள் எங்கே என்பது அவருடைய வாதம். சரியான பிடி. ஜப்பானிய அரசமைப்பில் 31 முதல் 40 வரை பத்துப் பிரிவுகள் கைதானவனுக்காகவே வரிசையாக நிற்கின்றன. நீதிமன்றத்தை அணுகும் உரிமை, பிடியாணை, கைதுக்கான காரணத்தை உடனே அறியும் உரிமை, வழக்கறிஞர், சித்திரவதைக்குத் தடை, விரைந்த விசாரணை, தவறாக அடைக்கப்பட்டவருக்கு இழப்பீடு வரை. அந்தக் கூட்டத்திலிருந்து முதல் பிரிவை மட்டும் பிய்த்து எடுத்து வந்தால் அது எலும்புக்கூடாகத்தான் இருக்கும். மதராஸின் மற்றொரு பெரிய சட்ட அறிஞர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் எதிர்ப்பக்கம் நின்றார். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் கிடக்கின்றன, எந்த நீதிபதி அமர்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்துச் சட்டம் மாறுகிறது என்று அவர் சொன்னதும் உண்மைதான்.

டிசம்பர் 13 அன்று அம்பேத்கர் எழுந்தார். இரண்டு பக்கமும் ஆபத்து இருப்பதை மறைக்காமல் சொன்னார். கட்சிக்காரர்களால் நிரம்பிய சட்டமன்றம் மனிதனின் உரிமையை நசுக்கச் சட்டம் போடலாம். ஐந்தாறு நீதிபதிகளும் தங்கள் சொந்த விருப்பு வெறுப்பால் நல்ல சட்டத்தைக் கொல்லலாம். முடிவைச் சபையிடமே விட்டார். திருத்தம் தோற்றது. ஆனால் விஷயம் அவரை விடவில்லை. ஒன்பது மாதம் கழித்து, 1949 செப்டம்பர் 15 அன்று, கைதானவருக்குக் காரணம் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்ற புதிய பிரிவைக் கொண்டுவந்தார். முன்பு இழந்ததற்கு ஈடு என்று அவரே சொன்னார். இன்றைய 22ஆம் பிரிவு அது. ஆயினும் தடுப்புக் காவல் கைதிகளுக்கு அந்த 24 மணி நேரம் கிடையாது.

அந்த ஓட்டை எவ்வளவு பெரியது என்பது குடியரசு பிறந்த சில மாதங்களிலேயே தெரிந்துவிட்டது. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் 1947 டிசம்பர் முதல் மதராஸ் அரசின் காவலில் இருந்தார். இடையில் போடப்பட்ட தண்டனைகள் மேல்முறையீட்டில் ரத்தாயின. ஆனாலும் வெளியே விடவில்லை. நாடாளுமன்றம் 1950 பிப்ரவரியில் தடுப்புக் காவல் சட்டத்தை நிறைவேற்றியது. மார்ச் 1 அன்று சிறைக்குள்ளேயே அந்தச் சட்டத்தின்படி புதிய உத்தரவைக் கோபாலனிடம் கொடுத்தார்கள். சட்டத்தின் 14ஆம் பிரிவு, காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்திடம்கூட வெளியிடக் கூடாது என்றது. குற்றம் இன்னது என்று கைதி நீதிபதியிடம் சொன்னாலே குற்றம்!

உச்ச நீதிமன்றத்தில் ஆறு நீதிபதிகள். கோபாலனுக்காக எம்.கே. நம்பியார். மதராஸ் அரசுக்காக அட்வகேட் ஜெனரல் கே. ராஜா ஐயர். மத்திய அரசுக்காக எம்.சி. சேதல்வாட். 1950 மே 19 அன்று வந்த தீர்ப்பில் 14ஆம் பிரிவை மட்டும் ஆறு பேரும் ஒரே குரலில் ரத்து செய்தார்கள். ஆனால் முக்கியமான கேள்வியில் பெரும்பான்மை சொன்னது: நாடாளுமன்றம் சட்டம் இயற்றியிருக்கிறது, அதில் ஒரு நடைமுறை இருக்கிறது, அது நியாயமா என்று கேட்க உயிர், சுதந்திரம் பற்றிய 21ஆம் பிரிவு எங்களுக்கு அதிகாரம் தரவில்லை. தலைமை நீதிபதி கானியா வரைவுக்குழுவின் குறிப்பையே எடுத்துக் காட்டினார். உரிய சட்ட நடைமுறை வேண்டாம் என்று தெரிந்தேதான் விலக்கினார்கள் என்பது அவருக்குப் போதுமான விடையாக இருந்தது.

நீதிபதி சையத் ஃபசல் அலி மட்டும் 21ஆம் பிரிவின் பொருளில் தனியாக நின்றார். மாநில மறுசீரமைப்பு ஆணையத்தின் தலைவராகத் தமிழ்நாட்டில் பிற்பாடு எல்லோர் வாயிலும் அடிபட்ட அதே ஃபசல் அலி. இந்தத் தீர்ப்பில் அவர் செய்ததை நான் பெரிதும் மதிக்கிறேன். மற்றவர்கள் ஜப்பான் என்ற பெயரோடு நின்றுவிட்ட இடத்தில், அவர் ஜப்பானின் அரசமைப்பு எப்படி உருவானது என்று விசாரித்தார். மெக்கார்தர் 1945 அக்டோபரில் உத்தரவிட்டது, பிப்ரவரியில் அரசுப் பிரிவு வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டது, அமெரிக்கச் சட்ட வல்லுநர்கள் எழுதியது என்று வரிசையாகத் தீர்ப்பில் பதிவு செய்தார். அமெரிக்கர் எழுதிய வாசகமென்றால், அக்கால அமெரிக்கச் சட்ட நூல்கள் 'நடைமுறை' என்றால் என்ன என்று சொல்கின்றன என்றும் பார்க்க வேண்டாமா என்பது அவருடைய வழி. நான்கு அம்சங்களை எடுத்து வைத்தார்: முன்னறிவிப்பு, பேச வாய்ப்பு, நடுநிலையான மன்றம், ஒழுங்கான விசாரணை. இந்த நான்கும் இல்லாததை நடைமுறை என்றே சொல்ல முடியாது என்றார். டோக்கியோவில் அந்தத் தொடரைத் தவிர்த்தவர்களின் உள்நோக்கம் அவருடைய தீர்ப்பில் இல்லை. ஆனாலும் சரியான இடத்துக்கே போய்ச் சேர்ந்தார். டோக்கியோவில் எழுதியவர்கள் அஞ்சியது கூலிச் சட்டங்களை நீதிபதிகள் வெட்டுவதை. கைதிக்குக் காரணம் சொல்வதை அவர்கள் ஒருநாளும் எதிர்க்கவில்லை.

பிராங்க்பர்ட்டர் பற்றிச் சொல்வதாக நிறுத்திவைத்தது இங்கே வருகிறது. 1952 ஜனவரியில் கலிபோர்னியாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் அவருடைய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. போதைப்பொருள் தேடி ஒருவர் வீட்டுக்குள் புகுந்த போலீஸ்காரர்கள் அவருடைய அறைக் கதவை உடைத்துத் திறந்தார்கள். அவர் கட்டிலருகே இருந்த இரண்டு மாத்திரைகளை வாயில் போட்டு விழுங்கிவிட்டார். மருத்துவமனைக்குத் தூக்கிப் போய், கட்டாயப்படுத்திக் குழாய் விட்டு, வயிற்றைக் கலக்கி வாந்தியெடுக்க வைத்து, மாத்திரைகளைச் சாட்சியமாக்கினார்கள். தண்டனை ரத்து. தீர்ப்பை எழுதியவர் பிராங்க்பர்ட்டர். காரணம்: மனசாட்சியை உலுக்கும் இந்தச் செயல் உரிய சட்ட நடைமுறைக்கு விரோதம். ராவிடம் வேண்டாம் என்று சொன்ன அதே தொடரை, மனித உடல் சம்பந்தப்பட்ட இடத்தில், அவரே கையில் எடுத்தார். அவரிடம் முரண்பாடு எதுவும் நான் காணவில்லை. ரொட்டிக் கிடங்கும் வயிற்றுக் குழாயும் ஒரே தொடரின் கீழ் வருவதுதான் சிக்கல். அந்தச் சிக்கலைப் பிரித்துக் கேட்கும் கேள்வி 1947இல் எழவில்லை.

அதற்காக அந்தத் தொடர் இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்றும் நான் சொல்ல மாட்டேன். போர்க்காலத்தில் அமெரிக்க மேற்குக் கரையிலிருந்து சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை வீட்டை விட்டு விரட்டி முகாம்களில் அடைத்தார்கள். அரசமைப்பில் உரிய சட்ட நடைமுறை என்ற சொற்கள் அப்போதும் இருந்தன. 1944இல் கொரெமாட்சு வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வெளியேற்றத்தை 6க்கு 3 என்று அனுமதித்தது. அனுமதித்தவர்களில் பிராங்க்பர்ட்டரும் ஒருவர்.

இந்தியாவில் 1976 ஏப்ரல் 28 அன்று, நெருக்கடி நிலையின்போது, ஜபல்பூர் வழக்கில் ஐந்தில் நான்கு நீதிபதிகள் கைதிகளுக்கு நீதிமன்றக் கதவையே அடைத்தார்கள். எச்.ஆர். கன்னா மட்டும் மறுத்தார். அதை இந்தக் கட்டுரைத் தொடரில் பின்னால் தனியாகப் பார்க்கப் போகிறோம். ஜப்பானிலோ 1962இலேயே நிலைமை மாறியிருந்தது. கடத்தல் வழக்கொன்றில் பிறருக்குச் சொந்தமான சரக்கை அவர்களுக்கு அறிவிக்காமலேயே பறிமுதல் செய்ததை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அறிவிப்பும் பதில் சொல்ல வாய்ப்பும் தராமல் பறிப்பது 31ஆம் பிரிவை மீறுகிறது என்பது தீர்ப்பு. நாம் கடன் வாங்கிய அதே வாசகம் அதன் பிறந்த வீட்டில் நியாயமான நடைமுறை என்ற பொருளைப் பெற்றுவிட்டது. நமக்கு இன்னும் 16 ஆண்டுகள் பிடித்தன.

1977 ஜூலையில் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை அரசு முடக்கியது. காரணம் கேட்டார். பொதுநலன் கருதிச் சொல்ல முடியாது என்று பதில் வந்தது. ஏழு நீதிபதிகள் விசாரித்து 1978 ஜனவரி 25 அன்று தீர்ப்பளித்தார்கள். சட்டம் ஒரு நடைமுறையை எழுதிவைத்தால் மட்டும் போதாது, அது நியாயமானதாகவும் நேர்மையானதாகவும் இருக்க வேண்டும், தான்தோன்றித்தனமாக இருக்கக் கூடாது என்றார் நீதிபதி பகவதி. அவரோடு சேர்ந்து கையெழுத்திட்டவர்களில் சையத் முர்தஸா ஃபசல் அலியும் ஒருவர். 1950இல் தனியாக நின்ற ஃபசல் அலியின் மகன். அதே அமர்வில் இருந்த நம் சென்னை நீதிபதி பி.எஸ். கைலாசம், கவிஞர் சௌந்தரா கைலாசத்தின் கணவர், பெரும்பான்மையோடு ஒத்துப்போகாமல் தனித் தீர்ப்பு எழுதினார். அரசமைப்பை எழுதியவர்கள் தெரிந்தே விலக்கிய ஒன்றை நீதிமன்றம் உள்ளே கொண்டுவரலாமா என்ற தயக்கம் அற்பமானதன்று. அவ்வாண்டிலேயே சுனில் பத்ரா வழக்கில் வி.ஆர். கிருஷ்ண ஐயர் அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்: நம் அரசமைப்பில் அந்த அமெரிக்கத் தொடர் இல்லைதான், ஆனால் வங்கி தேசியமயமாக்கல் வழக்குக்கும் மேனகா வழக்குக்கும் பிறகு விளைவு ஒன்றுதான்.

ராவ் இதையெல்லாம் பார்க்கவில்லை. ஐ.நா.வில் இந்தியாவின் பிரதிநிதியாக இருந்து, ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்துக்கு நீதிபதியாகப் போய், 1953 நவம்பரில் சூரிச்சில் காலமானார்.

கோபாலனுக்காக வாதாடிய எம்.கே. நம்பியாரை மட்டும் நாம் மறுபடி சந்திக்க வேண்டியிருக்கிறது. 1967இல் கோலக்நாத் வழக்கில் அவர் உச்ச நீதிமன்றத்தில் நின்றபோது, ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தின் டீட்ரிஷ் கான்ராட் என்ற அறிஞர் 1965 பிப்ரவரியில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரை அவர் கையில் இருந்தது. அரசமைப்பைத் திருத்தும் அதிகாரத்துக்கு எல்லை உண்டா என்பது அந்த உரையின் கேள்வி. ஹிட்லரின் ஆட்சியைக் கண்ட ஜெர்மானியர்கள் தங்கள் அடிப்படைச் சட்டத்தின் 79ஆம் பிரிவில் எழுதிவைத்த விடை இந்தியாவுக்கு வந்து சேர்ந்த வழியை அடுத்த வாரம் தொடர்வோம்.

(தொடரும்)